சிங்கப்பூரா, ஹாங்காங்கா, டோக்கியோவா? ஒரு தடவைதான் போக முடியும்னா எந்த தீம் பார்க்?

போன வாரம் சித்தி பொண்ணு போன் பண்ணினா. மூணு வருஷமா சீட்டு கட்டிச் சேர்த்த காசு கைக்கு வந்திருக்கு, வீட்டுக்காரருக்கு மே மாசம் லீவு ஓகே ஆயிருச்சு, பொண்ணுக்கு பன்னெண்டு வயசு, பையனுக்கு அஞ்சு, கூட மாமியாரும் வர்றாங்க. "அக்கா, நீ மூணு ஊருக்கும் போயிட்டு வந்திருக்க, சிங்கப்பூர் யுனிவர்சலா, ஹாங்காங் டிஸ்னியா, டோக்கியோ டிஸ்னியா, ஏதாச்சும் ஒண்ணச் சொல்லு, நாங்க இன்னொரு தடவை போவோமான்னே தெரியாது"ன்னா. அந்தக் கடைசி வார்த்தை எனக்கு மனசுலயே நின்னுடுச்சு. வருஷா வருஷம் போறவங்க எதை எடுத்தாலும் தப்பில்ல, அடுத்த வருஷம் சரி பண்ணிக்கலாம், ஒரே தடவை போறவங்க தப்பா எடுத்துட்டா அந்த வருத்தம் ரொம்ப நாள் இருக்கும். ஒரு மணி நேரம் அவகிட்ட பேசினதத்தான் இங்க கொஞ்சம் விரிவா எழுதுறேன், ஏன்னா இதே கேள்விய இன்னும் நாலஞ்சு பேர் கேட்டுட்டாங்க.

எனக்கு இந்த ஆசை ஸ்கூல்ல தாம்பரம் கிஷ்கிந்தாவுக்கு டூர் கூட்டிட்டுப் போன அன்னைக்கே வந்துடுச்சு. அதுக்கப்புறம் எந்த ஊருக்குக் கிளம்பினாலும் அங்க பார்க் இருக்கான்னுதான் முதல்ல பாப்பேன், அதப் பத்தி எது கிடைச்சாலும் உட்கார்ந்து படிப்பேன்.

## எத வச்சு முடிவு பண்றது

நிறைய பேர் ரைடு எண்ணிக்கைய வச்சுத்தான் கம்பேர் பண்றாங்க. அங்க இருபத்தி நாலு, இங்க நாப்பதுன்னு. கணக்குப் போட்டுப் பாருங்க, காலைல ஒன்பது மணிக்கு உள்ள போயி ராத்திரி எட்டு மணிக்கு வெளிய வர்றீங்க, பத்து ரைடு போறீங்க, ஒவ்வொண்ணும் நாலஞ்சு நிமிஷம், எல்லாத்தையும் சேர்த்தா ஒரு மணி நேரம் கூட வரல. மீதி பத்து மணி நேரம் நடக்குறது, வரிசைல நிக்கிறது, சாப்பிடறது, பாத்ரூம் தேடறது, குழந்தைய சமாதானப்படுத்துறது, பக்கத்துல நிக்கிற முன்னப் பின்ன தெரியாத ஜனங்களோட இருக்குறது. அந்தப் பத்து மணி நேரம் எப்படிப் போகும்ங்கறதத்தான் நான் பாப்பேன்.

அதனால முதல் கேள்வி, உங்க குடும்பத்துலயே குட்டியான ஆளோட உயரம் என்ன? வயசக் கேக்கல, உயரம். செருப்பக் கழட்டிட்டு அளந்து வச்சுக்கோங்க. ரெண்டாவது, பெரியவங்க வர்றாங்களா, வந்தா எவ்வளவு நடப்பாங்க, வெயில் தாங்குவாங்களா. மூணாவது, வரிசை. எவ்வளவு நேரம் நிக்கணும், காசு கொடுத்தா முன்னாடி போகலாமா, அப்படிப் போறது நம்ம பட்ஜெட்டுக்குள்ள வருமா. நாலாவது சாப்பாடு, சைவக்காரங்களுக்கு இது பெரிய விஷயம். அஞ்சாவது, டிக்கெட் விலைக்கு வெளிய ஒளிஞ்சிருக்குற செலவு. கடைசியா, நான் ரொம்ப முக்கியமா நினைக்கிறது, அங்க வர்ற ஜனங்களோட பழக்கம் எப்படி, நாள் முழுக்க அவங்களோட இருக்குறது மனசுக்கு இதமா இருக்கா இல்லையா.

முதல்ல ஒரு டேபிள் போட்டுடறேன், அப்புறம் ஒவ்வொண்ணா வர்றேன்.

| | யுனிவர்சல், சிங்கப்பூர் | டிஸ்னிலேண்ட், ஹாங்காங் | டிஸ்னிலேண்ட் + டிஸ்னிசீ, டோக்கியோ |
|---|---|---|---|
| திறந்தது | 2010 | 2005 | 1983, 2001 |
| சென்னைல இருந்து | நேரா நாலு மணி நேரம் சொச்சம் | நேரா போனா ஆறு மணி நேரத்துக்குள்ள | பெரும்பாலும் வழில மாறணும் |
| எத்தனை நாள் வேணும் | ஒரு நாள் போதும் | ஒரு நாள், நிதானமா ஒன்றரை | குறைஞ்சது ரெண்டு |
| 110 செமீக்குக் கீழ இருக்குற குழந்தை | ஓரளவு | ரொம்ப நல்லது | நல்லது, ஆனா கூட்டம் |
| பெரிய பசங்க, த்ரில் | ரொம்ப நல்லது | சுமார் | நல்லது |
| வயசானவங்க | சின்ன இடம், ஆனா வெயில் | ரொம்ப நல்லது | நடை அதிகம் |
| சைவச் சாப்பாடு | சுலபம் | சமாளிக்கலாம் | கஷ்டம் |
| மொழி | பிரச்சினையே இல்ல | பெரும்பாலும் இல்ல | ரைடு, ஷோ எல்லாம் ஜப்பான் மொழி |

## சிங்கப்பூர் யுனிவர்சல்

செந்தோசா தீவுல 20 ஹெக்டேர்ல இருக்குற பார்க். உலகத்துல இருக்குற பெரிய பார்க்குகளோட ஒப்பிட்டா கைக்குள்ள அடங்கற சைஸ்தான், நடுவுல ஒரு குளம், அதைச் சுத்தி வட்டமா எல்லா பகுதியும். வேகமா நடந்தா இருபது நிமிஷத்துல ஒரு சுத்து வந்துடலாம். இதக் குறைன்னு சொல்றவங்க நிறைய பேர், எனக்கு இது வசதியாத்தான் தெரியுது, யாராச்சும் தொலைஞ்சா கூட கண்டுபிடிச்சுடலாம், பெரியவங்க ஒரு இடத்துல உட்கார்ந்துட்டா நாம போயிட்டு திரும்பி வர்றது சுலபம்.

த்ரில் வேணும்ங்கறவங்களுக்கு மூணுல இதுதான். சிவப்பு, நீலம்னு ரெண்டு ரோலர் கோஸ்டர் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடற மாதிரி பின்னிப் பின்னி ஓடும், உயரம் 42.5 மீட்டர், ஒண்ணுல உட்கார்ந்து போகணும், இன்னொண்ணுல கால் தொங்கும். இதப் பத்தி ரசிகர்கள் பேச ஆரம்பிச்சா முடிக்கவே மாட்டாங்க, ஏன்னா 2010ல பார்க் திறந்த ஒரு வாரத்துலயே சீட்ல பிரச்சினைன்னு நிறுத்தி, 2011ல திரும்ப ஓட்டி, 2013ல மறுபடி நிறுத்தி, 2015 மே மாசம்தான் திரும்ப வந்துச்சு. வரும்போது ஒரு வரிசைக்கு நாலு பேர் உட்கார்ற வண்டிய எடுத்துட்டு ரெண்டு பேர் உட்கார்ற வண்டிய மாட்டியிருந்தாங்க. சவாரி நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒரு தடவைல போற ஆள் எண்ணிக்கை குறைஞ்சு போச்சு, கூட்டமான நாள்ல வரிசை நகராம நிக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம். ரெண்டுக்குமே 125 செமீ உயரம் வேணும். எகிப்து பகுதில இருக்குற மம்மி ரைடு முழுக்க இருட்டு, நடுவுல பின்பக்கமா இழுத்துட்டுப் போகும், அதுக்கு 122 செமீ. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரைடு உலகத்துலயே முதல் தடவையா 2011ல இங்கதான் திறந்தாங்க, பெரியவங்க கூட வந்தா 102 செமீ இருந்தாலே விடுவாங்க, என்னோட ஓட்டு இதுக்குத்தான்.

குட்டிப் பசங்களுக்கு என்ன இருக்குன்னா, முன்னாடி மடகாஸ்கர்னு ஒரு பகுதி இருந்துச்சு, அதுல உள்ளுக்குள்ளயே மெதுவா போற ஒரு படகு ரைடு. கைக்குழந்தைல இருந்து தாத்தா பாட்டி வரைக்கும் எல்லாரும் ஏசில உட்கார்ந்து போற மாதிரி இருந்த ஒரே நல்ல ரைடு அது. 2022ல மூடிட்டாங்க. அந்த இடத்துல 2025 பிப்ரவரி 14 அன்னைக்கு மினியன் லேண்ட் திறந்தாங்க, பசங்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும்தான், மஞ்சக் கலர்ல எங்க பாத்தாலும் மினியன், ஆனா அந்தப் படகுக்கு ஈடு அது ஆகாதுன்னு நான் இன்னும் சொல்லிட்டே இருக்கேன், ஏன்னா எங்க அம்மா அந்தப் பார்க்ல ரசிச்சு ஏறின ஒரே ரைடு அதுதான், இறங்கினதும் "இன்னொரு ரவுண்டு போலாமா"ன்னு கேட்டாங்க.

இங்க உங்களுக்கு உண்மையான எதிரி வானம். மத்தியானம் ரெண்டு, மூணு மணிக்கு மேல இடி மின்னல் வந்தா வெளிய ஓடற ரைடு எல்லாத்தையும் நிறுத்திடுவாங்க, பாதுகாப்புக்கு அது சரிதான். ஆனா நாப்பது நிமிஷம் வரிசைல நின்னு இன்னும் பத்து பேர்தான் பாக்கிங்கற நேரத்துல மைக்ல அறிவிப்பு வந்து எல்லாரையும் வெளிய போகச் சொல்லும்போது பசங்க மூஞ்சப் பாக்க முடியாது. எங்களுக்கு அது நடந்துச்சு, ஒன்றரை மணி நேரம் கூரைக்கு அடியில நின்னோம். அதனால காலைல கதவு திறந்ததும் நேரா ரோலர் கோஸ்டருக்குப் போயிடுங்க, டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மம்மி மாதிரி உள்ள இருக்குறதெல்லாம் மத்தியானத்துக்கு வச்சுக்கலாம்.

சாப்பாட்டுக்குக் கவலையே இல்ல, நான் போனப்ப எகிப்து பகுதில இருக்குற கடைலயே நம்ம பக்கத்துச் சாப்பாடு கிடைச்சுது, வெளிய வந்து எம்ஆர்டி, அதான் மெட்ரோ ரயில், புடிச்சா லிட்டில் இந்தியாவுல இறங்கி சரவணபவன், கோமளவிலாஸ்னு இலை போட்டே சாப்பிடலாம். ஸ்டேஷன்ல தமிழ்ல எழுதியிருக்கும், மாமியாருக்கு அதப் பாத்ததுமே பாதி பயம் போயிடும்.

ஜனங்கள் எப்படின்னா, நம்ம ஊர் கூட்டத்த நிறைய பாக்கலாம், டூர் குரூப்பா வர்றவங்க அதிகம், எல்லாரும் ஒரே நாள்ல எல்லாத்தையும் முடிக்கணும்ங்கற அவசரத்துல இருப்பாங்க, வாசல்ல சுத்துற பெரிய உருண்டை முன்னாடி போட்டோ எடுக்கவே ஒரு கூட்டம் நிக்கும். கெட்ட ஜனங்கன்னு சொல்லல, அவசரத்துல இருக்குற ஜனங்க.

## ஹாங்காங் டிஸ்னிலேண்ட்

மூணுலயும் அதிகமா திட்டு வாங்கின பார்க் இதுதான், எனக்கு இப்ப ரொம்பப் பிடிச்சதும் கிட்டத்தட்ட இதுதான். 2005 செப்டம்பர் 12 அன்னைக்குத் திறந்தப்ப ரொம்பச் சின்னதா இருந்துச்சு, ரைடும் கம்மி, "இதுக்கா இவ்வளவு காசு"ன்னு எல்லாரும் கேட்டாங்க. அடுத்த வருஷம் சீனப் புத்தாண்டு சமயத்துல உள்ள இடம் இல்லன்னு வாசல் கதவ மூடிட்டாங்க, கைல டிக்கெட்டோட வந்த குடும்பங்கள் வெளிய நின்னுச்சு, கோவத்துல கேட் மேல ஏறிக் குதிச்சவங்க, குழந்தைங்கள வேலிக்கு மேல தூக்கி உள்ள கொடுத்தவங்கன்னு அந்தக் காட்சி உலகம் பூரா நியூஸ்ல வந்துச்சு. அதுல இருந்து "ஹாங்காங் டிஸ்னின்னாலே தள்ளுமுள்ளு"ன்னு ஒரு பேர். இருபது வருஷம் ஆச்சு, இன்னும் அந்தப் பேரை வச்சுத்தான் நிறைய பேர் இத லிஸ்ட்ல இருந்து எடுத்துடறாங்க. நான் போன ரெண்டு தடவையும் அப்படி எதுவும் பாக்கல, வரிசை வரிசையாத்தான் போச்சு.

அந்தச் சின்னப் பார்க்க அவங்க கொஞ்சம் கொஞ்சமா வளர்த்த விதம் எனக்கு ரொம்ப மரியாதையா இருக்கு. 2011ல டாய் ஸ்டோரி பகுதி, 2012ல கரடி மலை ரயில், 2013ல மிஸ்டிக் மேனர், 2020ல கோட்டையவே உயர்த்திக் கட்டினாங்க, 2023 நவம்பர் 20ல உலகத்துலயே முதல் ஃப்ரோசன் பகுதி. இதுல மிஸ்டிக் மேனர் பத்தி தனியா சொல்லியே ஆகணும். மத்த டிஸ்னி பார்க்குகள்ல இருக்குற பேய் வீட்டுக்குப் பதிலா இங்க கட்டினது இது. பேய், செத்தவங்கன்னு எதுவும் கிடையாது, உலகம் பூரா சுத்திப் பழம்பொருள் சேர்த்த ஒரு லார்டு, அவரோட செல்லக் குரங்கு ஆல்பர்ட், அந்தக் குரங்கு ஒரு மாயப் பெட்டியத் திறந்துடும், உள்ள இருந்து இசை வெளிய வந்து அந்த வீட்டுல இருக்குற சிலை, ஓவியம், கவசம் எல்லாத்துக்கும் உயிர் வந்துடும். நீங்க உட்கார்ற வண்டிக்குத் தண்டவாளமே கிடையாது, அது பாட்டுக்குத் திரும்பும், நிக்கும், இன்னொரு வண்டியோட எதிரும் புதிருமா வரும். இதுக்கு உயரக் கட்டுப்பாடே இல்ல. என் பொண்ணு அன்னைக்கு நாலு தடவை போனா, நாலாவது தடவை வரிசை வெறும் பத்து நிமிஷம்.

அந்தப் பத்து நிமிஷம்தான் ஹாங்காங்கோட பலம். சாதாரண வாரநாள்ல டோக்கியோ மாதிரி ரெண்டு மணி நேரம் நிக்க வேண்டியதே இல்ல. ஃப்ரோசன் பகுதி மட்டும் கூட்டமா இருக்கும், காலைல முதல் வேலையா அதுக்குப் போயிட்டா மீதி நாள் நிம்மதி. உயரமும் இங்க இரக்கமா இருக்கு, விண்வெளி ரோலர் கோஸ்டருக்கு 102 செமீ, கரடி மலைக்கு 112. அந்தக் கரடி மலை ரயில் திடீர்னு பின்னாடி ஓடும், அப்புறம் ஒரு நொடி நின்னு முன்னாடி பாயும், பெரிய பசங்களுக்கு உண்மையான த்ரில்னு சொன்னா அது ஒண்ணுதான், பதினாறு பதினேழு வயசுப் பசங்கள மட்டும் கூட்டிட்டுப் போறதா இருந்தா அவங்களுக்கு மத்தியானமே போரடிச்சுடும்.

பெரியவங்க கூட வர்றாங்கன்னா இன்னொரு நல்ல விஷயம், நான் வாங்கினப்ப 60 வயசுக்கு மேல டிக்கெட் வெறும் 100 ஹாங்காங் டாலர்தான், மத்தவங்களுக்கு 600க்கு மேல. பார்க் முழுக்க மரம், உட்கார பெஞ்சு, சுத்தி வர ஒரு ரயில். பார்க்குக்கு வர்ற மெட்ரோவோட ஜன்னலே மிக்கி தலை வடிவத்துல இருக்கும், அஞ்சு வயசுக் குழந்தைக்கு டூர் அங்கயே ஆரம்பிச்சிடுது. அதே லாந்தாவ் தீவுல பெரிய புத்தர் சிலை இருக்கு, கேபிள் கார்ல போகலாம், பார்க் வேணாம்ங்கற பெரியவங்களுக்கு மறுநாள அதுக்கு வச்சுக்கலாம்.

சைவக்காரங்க உள்ள ஒண்ணு ரெண்டு இடத்துல சமாளிக்கலாம், மிஸ்டிக் பாயின்ட்ல இருக்குற எக்ஸ்ப்ளோரர்ஸ் கிளப்ல நம்ம வகைச் சாப்பாடு கிடைச்சுது, ஊருக்குள்ள சிம் ஷா சுய் பக்கம் இந்தியக் கடைங்க நிறைய. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் புயல் எச்சரிக்கை வந்தா எல்லாம் மாறிடும், அத மட்டும் பாத்துக்கோங்க.

## டோக்கியோ

இங்க வந்தா நான் கொஞ்சம் நீளமாப் பேசுவேன், பொறுத்துக்கோங்க.

ஊர் பேரு டோக்கியோவே தவிர பார்க் இருக்குறது பக்கத்து சிபா மாநிலத்துல உராயாசுங்கற ஊர்ல. டிஸ்னி இத சொந்தமா நடத்தல, ஓரியன்டல் லேண்ட்னு ஒரு ஜப்பான் கம்பெனி டிஸ்னிகிட்ட உரிமம் வாங்கி நடத்துது. 1983 ஏப்ரல் 15ல திறந்தது, அமெரிக்காவுக்கு வெளிய முதல் டிஸ்னி பார்க். 2001ல பக்கத்துலயே டிஸ்னிசீன்னு இன்னொண்ணு, உலகத்துல வேற எங்கயும் இல்லாத பார்க் அது. நடுவுல ஒரு எரிமலை, புகை விடும், அப்பப்ப நெருப்பும் கக்கும், அதுக்குள்ள பூமியோட மையத்துக்குப் போற ஒரு ரைடு. அரேபியப் பகுதில சிந்துபாத் கதை சொல்ற படகு ரைடு ஒண்ணு இருக்கு, வரிசையே இருக்காது, நிறைய பேர் தாண்டிப் போயிடுவாங்க, தயவு செஞ்சு போங்க, நூத்துக்கு மேல பொம்மைங்க ஒவ்வொண்ணும் கண்ணச் சிமிட்டி விரலை அசைச்சு நடிக்கும். 2024 ஜூன்ல ஃபேன்டசி ஸ்பிரிங்ஸ்னு புதுப் பகுதி திறந்தாங்க, செலவு 320 பில்லியன் யென். கட்டினதுல எந்த மூலைலயும் "இது போதும்"னு விட்ட மாதிரி தெரியாது, குப்பைத் தொட்டில இருந்து கதவுக் கைப்பிடி வரைக்கும் அந்தந்த பகுதிக்கு ஏத்த மாதிரி செஞ்சிருப்பாங்க.

ஆனா நான் திரும்பத் திரும்ப நினைக்கிறது அந்த ஜனங்களத்தான். பரேடு வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து தரைல சின்னதா ஒரு ஷீட் விரிச்சு உட்காருவாங்க. முன் வரிசை உட்கார்ந்தே இருக்கும், பின்னாடி நிக்கிறவங்களுக்கு மறைக்கக் கூடாதுன்னு தலைல போட்டிருக்குற மிக்கி காதக் கூடக் கழட்டி மடில வச்சுக்குவாங்க, யாரும் சொல்ல வேண்டியதில்ல. எங்க பக்கத்துல எழுபது வயசு இருக்கும் ஒரு பாட்டி, தனியா வந்திருந்தாங்க, மடில டஃபி கரடி பொம்மை, அதுக்குத் தைச்ச சட்டை, அதே துணில அவங்களுக்கு ஒரு கைப்பை. நாங்க இடம் இல்லாம தடுமாறுறதப் பாத்துட்டு அவங்க ஷீட்ட பாதியா மடிச்சு என் பொண்ண உட்காரச் சொல்லி சைகை பண்ணினாங்க. மொழி ஒரு வார்த்தை தெரியாது. பரேடு முடிஞ்சதும் ஷீட்ட உதறி மடிச்சு, கீழ விழுந்திருந்த ரெண்டு பாப்கார்ன பொறுக்கி பேப்பர்ல சுத்திப் பைல போட்டுட்டு, குனிஞ்சு வணக்கம் சொல்லிட்டுப் போயிட்டாங்க.

இன்னொண்ணு. பெருக்குற தம்பி ஒருத்தர், துடைப்பத்த வாளித் தண்ணில முக்கி தரைல ஏதோ கோடு இழுத்தார். நம்ம வீட்ல வாசல் தெளிச்சுக் கோலம் போடுவோமே, அந்த மாதிரி கைய எடுக்காம ஒரே இழுப்புல காது, மூக்கு, வில்லு மாதிரி வாய், முப்பது செகண்டுல மின்னி மவுஸ் வந்து நிக்குது. சுத்தி இருந்த குழந்தைங்க எல்லாம் சத்தமே போடாம பாத்துச்சுங்க. வெயில்ல அது ஒரு ஓரமா காய ஆரம்பிச்சதும் என் பொண்ணு தன் வாட்டர் பாட்டில்ல இருந்து தண்ணி எடுத்து அந்தக் காது மேல தொட்டுத் தொட்டு வச்சா, காயக் கூடாதாம். அந்த டூர்ல நாங்க போன பதினெட்டு ரைடுல அவளுக்கு இப்ப ஞாபகம் இருக்குறது நாலோ அஞ்சோ, இத மட்டும் இன்னும் சொல்லுவா.

2011 மார்ச் 11 பூகம்பம் வந்தப்ப ரெண்டு பார்க்லயும் சேர்த்து 70,000 பேர் கிட்ட உள்ள இருந்தாங்க. வேலை செய்றவங்க கடைல இருந்த பொம்மைகள எடுத்துக் கொடுத்து தலைக்கு மேல வச்சுக்கச் சொன்னாங்க, வீட்டுக்குப் போக ரயில் இல்லாம ஆயிரக்கணக்கான பேர் ராத்திரி முழுக்க அங்கயே தங்கினாங்க, அவங்களுக்குச் சாப்பாடும் குளிருக்குப் போத்திக்க அட்டை, பிளாஸ்டிக் பைன்னு கைல கிடைச்சதெல்லாம் கொடுத்தாங்க. அந்தப் பார்க்குக்கும் அங்க வர்றவங்களுக்கும் இருக்குற பந்தத்த இத விட எனக்குச் சொல்லத் தெரியல.

இப்ப கஷ்டத்தச் சொல்றேன். கூட்டம். நல்ல ரைடுக்கு வாரக் கடைசில ரெண்டு மணி நேரம் சாதாரணம். நம்ம பசங்களுக்கு லீவு விடற ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம்தான் ஜப்பான்ல கோல்டன் வீக், ஊரே லீவுல இருக்கும், அந்த வாரத்துல மட்டும் தயவு செஞ்சு போகாதீங்க. டிக்கெட் தேதி போட்டு முன்னாடியே வாங்கணும், ரெண்டு மாசம் முன்னாடிதான் விற்பனைக்கே வரும். ஒரு பார்க்குக்கு ஒரு நாள், 2023 அக்டோபர்ல வச்ச விலைப்படி பெரியவங்களுக்கு நாளைப் பொறுத்து 7,900ல இருந்து 10,900 யென் வரைக்கும், ரெண்டு பார்க் போனா ரெண்டு மடங்கு. கதை எல்லாம் ஜப்பான் மொழில, பெரியவங்களுக்கு ஒண்ணும் புரியாது. சைவம் ரொம்பக் கஷ்டம், காய்கறி சூப்னு நினைச்சா அதுல மீன் சாறு இருக்கும். டிஸ்னிசீல கஸ்பாங்கற இடத்துல நாண் ரொட்டியும் தொட்டுக்க குழம்பும் கிடைக்கும், அதுலயும் என்ன போட்டிருக்காங்கன்னு கேட்டுக்கணும். வெளிச் சாப்பாடு உள்ள கொண்டு போகக் கூடாது, ஆனா வாசலுக்கு வெளிய பிக்னிக் இடம் இருக்கு, நாங்க புளிசாதம் கட்டிட்டுப் போயி அங்க சாப்பிட்டுட்டுத் திரும்ப உள்ள போனோம். சாயங்காலப் பசிக்கு கறி மசாலா பாப்கார்ன் வாசனையே இழுக்கும், கடைக்கு கடை வேற ருசி, அதுக்கும் ஒரு வரிசை.

## வரிசைல காசு நுழைஞ்சது

ரசிகர்கள் நடுவுல வருஷக்கணக்கா ஓடற பெரிய விவாதம் இதுதான், உங்க முடிவுக்கும் இது நேரடியா வேணும்.

டோக்கியோல 2000த்துல இருந்து ஃபாஸ்ட்பாஸ்னு ஒண்ணு இருந்துச்சு, இலவசம். டிக்கெட்ட மெஷின்ல காட்டினா ஒரு நேரம் போட்ட சீட்டு வரும், அந்த நேரத்துக்குப் போனா சீக்கிரம் ஏறலாம், பணக்காரர் ஏழைன்னு வித்தியாசம் இல்ல. 2020ல கொரோனா சமயத்துல நிறுத்தினாங்க, 2022 மே மாசம் அதுக்குப் பதிலா காசு கட்டுற பிரீமியர் ஆக்சஸ் வந்துடுச்சு, ஆரம்பத்துல ஒரு ரைடுக்கு ஒரு ஆளுக்கு 2,000 யென். சில பேர் சொல்றாங்க, இலவசமா இருந்தப்பவும் விஷயம் தெரிஞ்சவங்க காலைல ஓடிப் போயி எல்லாத்தையும் எடுத்துடுவாங்க, முதல் தடவை வர்ற நம்மள மாதிரி ஆளுங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது, இப்பயாச்சும் காசு கொடுத்தா நிச்சயம்னு. அதுல உண்மை இருக்கு. ஆனாலும் அஞ்சு பேர் குடும்பம் ஒரே ஒரு ரைடுக்கு 10,000 யென் கட்டணும்னு நினைச்சா எனக்கு மனசு வலிக்குது, அந்தப் பாட்டி ஷீட்ட மடிச்சுக் கொடுத்த ஊர்ல வரிசைய விலைக்கு விக்க வேண்டாம்னுதான் தோணுது.

சிங்கப்பூர்ல எக்ஸ்பிரஸ் பாஸ் ஆரம்பத்துல இருந்தே காசுதான். விலை நாளைப் பொறுத்து மாறும், கூட்டமான நாள்ல நுழைவு டிக்கெட்டையே தாண்டிடும்.

என் யோசனை: சிங்கப்பூருக்கு வாரநாள்ல போங்க, எக்ஸ்பிரஸ் வேணாம், தனியாப் போறவங்களுக்கான சிங்கிள் ரைடர் வரிசைய பெரிய பசங்க பயன்படுத்தலாம். ஸ்கூல் லீவு சமயத்துல மாட்டிக்கிட்டா மட்டும் எக்ஸ்பிரஸ் வாங்குங்க. ஹாங்காங்ல வாரநாள்னா எதுவும் வாங்க வேண்டாம். டோக்கியோல குடும்பமே ஆசைப்படற ஒரே ஒரு ரைடுக்கு வாங்கிட்டு மத்ததுக்கு நில்லுங்க.

## டிக்கெட்ல தெரியாத செலவு

வயசுக் கணக்குல ஒரு விஷயம் நிறைய பேர் கவனிக்கிறதில்ல. சிங்கப்பூர்ல 4ல இருந்து 12 வயசு வரைக்கும் குழந்தை டிக்கெட், ஹாங்காங்ல 3ல இருந்து 11 வரைக்கும், டோக்கியோல 4ல இருந்து 11. பன்னெண்டு வயசுப் பொண்ணுக்கு சிங்கப்பூர்ல மட்டும்தான் குழந்தை விலை.

விசா பாத்தா இந்திய பாஸ்போர்ட்டுக்கு ஹாங்காங் ரொம்ப சுலபம், ஆன்லைன்ல முன்பதிவு, இலவசம். மத்த ரெண்டுக்கும் விசா வேணும், தலைக்கு இவ்வளவுன்னு ஏஜென்ட் கட்டணம் சேரும். டோக்கியோவுக்கு ஃப்ளைட் மாறிப் போற களைப்புல முதல் நாள் வீணாகும், அந்த ஒரு ராத்திரி ஹோட்டல் வாடகையையும் கணக்குல சேர்த்துக்கோங்க. சிங்கப்பூர்ல ஆத்து ரைடுல தொப்பலா நனைவீங்க, மாத்து டிரஸ் கொண்டு போகலைன்னா மழைக் கோட்டு, டீ ஷர்ட்னு அங்க வாங்க வேண்டி வரும். டோக்கியோல பாப்கார்ன் டப்பா, தலைல மாட்டுற காது, டஃபி பொம்மைன்னு சுத்தி இருக்குறவங்க எல்லாரும் போட்டிருக்கும்போது குழந்தைக்கு இல்லன்னு சொல்ல முடியாது, அதுக்குன்னே தனியா ஒரு தொகை வச்சுடுங்க.

அப்புறம் பேக்கேஜ் டூர். எங்க அம்மா அப்பாவ முதல் தடவை ஒரு டிராவல்ஸ்காரங்க மூலமா அனுப்பினேன். நோட்டீஸ்ல "முழு நாள் யுனிவர்சல்"னு போட்டிருந்துச்சு. காலைல ரெண்டு கடைக்குக் கூட்டிட்டுப் போயிட்டு பதினொன்றரைக்கு இறக்கி விட்டு நாலரைக்கு பஸ்ல ஏறச் சொல்லிட்டாங்க, நடுவுல மழை. டிக்கெட் காசுல பாதி கூட அனுபவிக்கல. பார்க்குக்குன்னு போறீங்கன்னா அந்த ஒரு நாளையாச்சும் நீங்களே போங்க, சிங்கப்பூர்ல ஹார்பர்ஃப்ரன்ட் எம்ஆர்டில இறங்கி விவோசிட்டில இருந்து மோனோரயில், ஹாங்காங்ல சன்னி பேல மாறினா பார்க் வாசல், டோக்கியோல மைஹாமா ஸ்டேஷன், மூணுமே சுலபம்தான்.

## யாருக்கு எது

மூத்த பசங்க எல்லாரும் 125 செமீயத் தாண்டிட்டாங்க, ரோலர் கோஸ்டர்தான் வேணும், லீவு நாலஞ்சு நாள்தான், வீட்ல சைவம்னா யோசிக்காம சிங்கப்பூர். பார்க் ஒரு நாள், மீதி ஊர் சுத்த.

அஞ்சு, ஆறு வயசுக் குழந்தை, கூட தாத்தா பாட்டி, எல்லாரும் ஒண்ணா ஒரே வண்டில உட்கார்ந்து போகணும்னு ஆசைன்னா ஹாங்காங். இந்த மாதிரி குடும்பங்கதான் நம்மகிட்ட அதிகம், ஆனா இவங்கதான் ஹாங்காங்க லிஸ்ட்லயே சேர்க்க மாட்டேங்குறாங்க.

டோக்கியோ யாருக்குன்னா, பார்க் பாக்குறதுதான் டூரோட நோக்கம்னு சொல்றவங்களுக்கு. ரெண்டு முழு நாள் ஒதுக்க முடியணும், நடக்கணும், நிக்கணும், காசும் கூட ஆகும். கல்யாணமாகி ரெண்டு பேரா போறவங்க, பத்து வயசுக்கு மேல பசங்க இருக்குறவங்க, போங்க, டிஸ்னிசீய மட்டுமாச்சும் பாத்துட்டு வாங்க. எனக்கு ஒரே ஒரு நாள் கொடுத்து எங்க வேணா போன்னு சொன்னா நான் அங்கதான் போவேன், சிந்துபாத் படகுல உட்காருவேன்.

சித்தி பொண்ணு ஹாங்காங்னு முடிவு பண்ணிட்டா. மே முதல் வாரம் சீனாவுலயும் லீவுங்கறதால ரெண்டாவது வாரத்துக்கு மாத்தச் சொல்லியிருக்கேன். நேத்து ராத்திரி செவுத்துல பென்சில் கோடு போட்டுப் பையன அளந்துட்டு போன் பண்ணினா, 106 செமீ. விண்வெளி கோஸ்டருக்குப் போதும், கரடி மலைக்கு ஆறு செமீ குறையுது. பொண்ணும் அப்பாவும் கரடி மலைக்குப் போகட்டும், நீ உன் பையனையும் அத்தையையும் கூட்டிட்டு அந்த நேரத்துல பக்கத்துலயே இருக்குற மிஸ்டிக் மேனருக்குப் போன்னு சொல்லியிருக்கேன்.